குழுவாகத் தாய்லாந்து போகிறோம்: கிளம்பும் முன் என்ன சொல்லி வைக்க வேண்டும்?

காவிரிக்கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கும்பகோணத்தில் காலை நடைக்கு வருகிற நாங்கள் 38 பேர் சேர்ந்து மாசி மாதம் தாய்லாந்து போகிறோம். பாங்காக், பட்டாயா, கிராபி. ஏற்பாட்டுப் பொறுப்பை என்னிடம் விட்டிருக்கிறார்கள். பெரும்பாலோர் ஓய்வு பெற்றவர்கள், சிலர் மகன், மருமகள், பேரப்பிள்ளைகளோடு வருகிறார்கள். முக்கால்வாசிப் பேருக்கு இதுதான் முதல் வெளிநாடு. 2023 நவம்பரில் இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்று ஆன பிறகுதான் எங்கள் குழுவில் இந்த ஆசையே வந்தது.

டிராவல்ஸ்காரர் ஒரு தாள் கொடுத்தார். பாஸ்போர்ட் நகல், பெட்டி எடை, மாத்திரைச் சீட்டு, இன்சூரன்ஸ் எல்லாம் அதில் இருக்கிறது. அங்கே போய் எப்படி நடந்துகொள்வது என்று ஒரு வரி கிடையாது. கேட்டேன். "அதெல்லாம் பெரியவங்களுக்குத் தெரியாதா சார், சொன்னா கோவிச்சுக்குவாங்க" என்றார்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. 2019 ஜூலையில் பாலித் தீவில் ஒரு இந்தியக் குடும்பத்தின் பெட்டிகளைத் திறக்கச் சொல்லி, ஓட்டல் ஆட்கள் அறைச் சாமான்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்த வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். அதே மாதம்தான் சுவிட்சர்லாந்தின் க்ஸ்டாட் ஊரில் ஒரு விடுதி இந்தியர்களுக்கென்றே தனியாக ஒட்டிய அறிவிப்பும் வெளியே வந்தது. காலை உணவைக் கட்டிக்கொண்டு போகாதீர்கள், நடைகூடத்தில் சத்தம் போடாதீர்கள் என்று. எல்லா விருந்தினருக்கும் பொதுவாக எழுதியிருந்தால் யாருக்கும் வருத்தமில்லை. நம் நாட்டின் பெயரைப் போட்டு எழுதினார்கள். அந்த நிலைமை என்னோடு வருகிறவர்களுக்கு வரக்கூடாது.

வயதில் மூத்தவர்கள் மனம் கோணாமல் இதை எப்படிச் சொல்வது? எதையெல்லாம் சொல்ல வேண்டும்? அனுபவப்பட்டவர்கள் எழுதுங்கள்.

வழித்துணை எழுதியது:

ஐயா, நான் டூர் மேனேஜர். சென்னையிலிருந்து குழுக்களை அழைத்துப் போவதுதான் என் தொழில். நீங்கள் கேட்ட கேள்வியை எங்கள் ஆபீஸில் யாராவது கேட்க மாட்டார்களா என்று நான் ஏங்கியிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

"ஒழுங்காக நடந்துகொள்ளுங்கள்" என்று பொதுவாகச் சொன்னால் ஒரு பயனும் இல்லை. ஒவ்வொருவரும் அது பக்கத்து சீட்டுக்காரருக்குச் சொன்னது என்றே நினைப்பார்கள். எந்த இடத்தில் எதைச் செய்ய வேண்டும் என்று பிட்டுப் பிட்டு வைக்க வேண்டும்.

முதலில் குளியலறை. ஓட்டல்காரர்களிடமிருந்து எனக்கு வருகிற புகாரில் பாதி இதுதான். நம் வீட்டில் பாத்ரூம் தரை முழுக்க நனையும், மூலையில் ஜாலி இருக்கும், தண்ணீர் போய்விடும். வெளிநாட்டு ஓட்டல்கள் பலவற்றில் கண்ணாடித் தடுப்புக்கு உள்ளேயோ தொட்டிக்கு உள்ளேயோ மட்டும்தான் தண்ணீர் போக வழி. வெளித்தரையில் ஜாலியே இருக்காது. நம்மவர்கள் தொட்டிக்கு வெளியே நின்றுகொண்டு குப்பைத்தொட்டியில் தண்ணீர் பிடித்து ஊற்றிக் குளிக்கிறார்கள். தண்ணீர் கதவிடுக்கு வழியாக கார்பெட்டுக்குப் போகும், கீழ் அறைக் கூரையில் ஈரம் கசியும். அவர்கள் வேண்டுமென்று செய்யவில்லை. அறுபது வருஷமாகக் குளித்த மாதிரியே குளிக்கிறார்கள், அவ்வளவுதான். திரைச்சீலையைத் தொட்டிக்கு உள்பக்கமாக விட்டுக் குளிக்க வேண்டும் என்று யாரும் காட்டித் தரவில்லை. நான் இப்போதெல்லாம் முதல் நாள் சாவி கொடுக்கும்போதே ஒரு அறைக்கு எல்லாரையும் கூட்டிப் போய்க் குழாயைத் திறந்து காட்டிவிடுகிறேன். தாய்லாந்தில் ஹெல்த் ஃபாசெட் பெரும்பாலும் இருக்கும், அந்தக் கவலை வேண்டாம். இதே குழுவை நாளைக்கு ஐரோப்பா கூட்டிப் போனால் அதையும் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும்.

அடுத்தது கெட்டில். தண்ணீர் சுட வைக்க மட்டும்தான் அது. அதில் முட்டை அவிக்கிறார்கள், நூடுல்ஸ் கிண்டுகிறார்கள், பால் காய்ச்சி அடிப்பிடிக்க விடுகிறார்கள். நாளைக்கு அந்த அறைக்கு வருகிற இன்னொரு குடும்பமும் அதே கெட்டிலில்தானே குழந்தைக்கு வெந்நீர் வைக்கும்?

பஃபே சாப்பாடு. இதைப் பேராசை என்று எழுதுகிறவர்களோடு எனக்கு உடன்பாடே இல்லை. சைவம் சாப்பிடுகிற அம்மாவுக்கு, சர்க்கரை மாத்திரை போட்ட ஐயாவுக்கு, மதியம் எத்தனை மணிக்கு எங்கே நிறுத்துவார்கள் என்று தெரியாது. அந்தப் பயத்தில்தான் ரெண்டு பிரெட்டும் வாழைப்பழமும் கைப்பைக்குள் போகிறது. காலையில் பஸ் ஏறும் முன்பே "மதியம் ஒண்ணே காலுக்கு இந்தியச் சாப்பாடு, ரசம் சாதம் உண்டு, நடுவில் பதினோரு மணிக்குப் பிஸ்கட் தருவோம்" என்று மைக்கில் சொல்லிப் பாருங்கள். பழம் தட்டிலேயே இருக்கும். இதில் பயணிகளைத் திருத்துவதை விட டூர்காரர்களைத் திருத்துவதுதான் அதிகம்.

நடைகூடம். விடியற்காலை ஐந்து மணிக்குக் கதவைத் திறந்து வைத்து, எதிர் அறையைப் பார்த்து "காபி ஆச்சா?" என்று கேட்பது நம் ஊரில் அன்பு. அங்கே ராத்திரி ரெண்டு மணிக்கு விமானம் இறங்கி வந்து படுத்தவன் பக்கத்து அறையில் இருப்பான். இதை இப்படியே சொன்னால் நம் பெரியவர்கள் உடனே புரிந்துகொள்கிறார்கள். ஒருத்தர்கூடக் கோபித்துக்கொண்டதில்லை. காரணம் சொல்லாமல் "சத்தம் போடாதீங்க" என்று மட்டும் சொன்னால்தான் கோபம் வருகிறது.

சேலத்தான் எழுதியது:

எல்லாம் சரி, எதற்கு எப்போதும் நம்மாட்களையே நாம் அடித்துக்கொள்ள வேண்டும்? 2015-இல் மலேசியாவில் கினபாலு மலை உச்சியில் துணியை அவிழ்த்துப் போட்டுப் படம் எடுத்தவர்கள் மேற்கத்தியர்கள். அது கடசான் தூசுன் மக்கள் தம் முன்னோர் உறைவதாக நம்பும் மலை. 2023-இல் ரோமில் கொலோசியம் சுவரில் தன் பேரையும் காதலி பேரையும் சாவியால் கீறியவர் இங்கிலாந்திலிருந்து வந்தவர். அதே 2023-இல் ஆம்ஸ்டர்டாம் நகராட்சி "இங்கே வராதீர்கள்" என்றே விளம்பரம் போட்டது, 18 முதல் 35 வயது வரையுள்ள பிரிட்டிஷ் ஆண்களைக் குறிவைத்து. குடித்துக் கும்மாளம் போடவே வருகிறார்கள் என்று.

நம் கிழவர் ஒருவர் வாழைப்பழம் எடுத்ததற்கு நாமே வெட்கப்பட்டு மாய்ந்து போகிறோம். அவர்களில் யாராவது "ஐயோ எங்கள் இனத்துக்கே அவமானம்" என்று எழுதியிருப்பார்களா? தவறு செய்தவன் தனி ஆள். அவனோடு போகட்டும்.

ஓசாகாவாசி எழுதியது:

சேலத்தான் அண்ணா சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வருகிற கூட்டத்தை எதிர்கொள்ளும் ஊரில் குடியிருந்து பார்த்தால் கணக்கு வேறு. அங்கே "தனி ஆள்" என்று யாரும் பிரித்துப் பார்க்க முடிவதில்லை.

ஜப்பானுக்கு 2024-இல் மட்டும் மூன்றரைக் கோடிக்கு மேல் வெளிநாட்டவர் வந்தார்கள். ஃபுஜி மலை அடிவாரத்தில் ஃபுஜிகாவாகுச்சிகோ என்று ஒரு சிற்றூர். அங்கே ஒரு கடையின் கூரைக்கு மேலே மலை எழுந்து நிற்பது போலப் படம் விழும். அந்த ஒரு படத்துக்காக வந்தவர்கள் சாலையின் நடுவில் நின்றார்கள், எதிரே இருந்த பல் ஆஸ்பத்திரியின் வண்டி நிறுத்துமிடத்தில் ஏறினார்கள், குப்பை போட்டார்கள். பலகை வைத்தார்கள், காவலாள் போட்டார்கள், ஒன்றும் நடக்கவில்லை. 2024 மே மாதம் இரண்டரை மீட்டர் உயரம், இருபது மீட்டர் நீளத்துக்குக் கறுப்புத் திரை கட்டினார்கள். தங்கள் ஊர் மலையைத் தாங்களே மறைத்துக்கொள்ளும் நிலை. அந்தத் திரையிலும் ஓட்டை போட்டுப் படம் எடுத்தார்கள். ஆகஸ்டில் புயல் எச்சரிக்கைக்காக இறக்கினார்கள், திரும்பக் கட்டவில்லை.

கியோட்டோவில் கியோன் பகுதியிலும் அப்படித்தான். வேலைக்கு நடந்து போகிற கெய்ஷாப் பெண்களின் (மரபு ஆடல் பாடல் கலைஞர்கள்) கிமோனோவைப் பிடித்து இழுத்து நிறுத்திப் படம் எடுத்தார்கள். 2024-இல் தனியார் சந்துகளுக்குள் நுழையக்கூடாது, நுழைந்தால் 10,000 யென் என்று பலகை வைத்துவிட்டார்கள். ஒழுங்காக நடந்துகொண்டவனுக்கும் அந்தச் சந்து மூடியாகிவிட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்று உலகமே ஜப்பானியரின் அடக்கத்தைப் புகழ்கிறது. சாதாரண ஜப்பானியர் சுற்றுலாவுக்கென்று வெளிநாடு போகலாம் என்று ஆனதே 1964 ஏப்ரலில்தான். அதன் பிறகு விவசாயக் கூட்டுறவுச் சங்கத்துக் குழுக்கள் கொடி பிடித்த வழிகாட்டியின் பின்னால் ஐரோப்பா போனபோது, ஓட்டல் நடைகூடத்தில் உள்ளாடையோடு உலவுகிறார்கள், சத்தமாகப் பேசுகிறார்கள் என்று அவர்களைப் பற்றியும் இதே பேச்சு இருந்தது. அவர்களும் கற்றுக்கொண்டுதான் வந்தார்கள். இது ரத்தத்தில் வருவதில்லை. நமக்கும் வரும், நிச்சயமாக வரும்.

ஜப்பான் வருகிறவர்களுக்கு ரெண்டே விஷயம் சொல்கிறேன். ரயிலில் போனில் பேசாதீர்கள், வீடியோ காலை ஸ்பீக்கரில் போடவே போடாதீர்கள். தெருவில் குப்பைத்தொட்டி தேடி அலைய வேண்டாம், பையில் ஒரு கவர் வைத்துக்கொண்டு ஓட்டலுக்குக் கொண்டு வந்து போடுங்கள்.

வைகைக்கரையான் எழுதியது:

சொல்லித் திருந்துகிற கூட்டம் இல்லை சார் இது. சிங்கப்பூரில் இறங்கியதும் அதே ஆள் கை கட்டி நிற்கிறானே, எப்படி? அபராதம். அவ்வளவுதான் விஷயம்.

தேக்கா அக்கா எழுதியது:

தம்பி, சிங்கப்பூரில் இருந்து நான் சொல்கிறேன், நீங்கள் நினைப்பது போல அபராதம் மட்டும் இல்லை.

உணவங்காடியில் சாப்பிட்ட தட்டை நாமே திருப்பி வைக்க வேண்டும் என்ற விதியை எடுத்துக்கொள்ளுங்கள். பல வருஷம் இங்கே யாரும் தட்டை எடுத்ததில்லை. துப்புரவு செய்கிற வயதான அண்ட்டி வந்து எடுப்பார், அதுதான் வழக்கம். முதலில் தட்டு வைக்கும் அடுக்குகளை மேசைக்குப் பக்கத்திலேயே கொண்டுவந்து வைத்தார்கள். சுவரொட்டி போட்டார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். 2021 செப்டம்பர் 1 முதல்தான் நடவடிக்கை. அப்போதும் முதல் தடவை எழுத்து மூலம் எச்சரிக்கை, அடுத்த தடவைதான் 300 வெள்ளி (எங்கள் டாலர்) அபராதம். இடத்தைக் காட்டினார்கள், காரணம் சொன்னார்கள், அவகாசம் கொடுத்தார்கள், கடைசியில் தண்டித்தார்கள். இந்த வரிசையைக் கவனியுங்கள். இந்த நாட்டில் மரியாதை இயக்கம் தொடங்கியது 1979-இல். ஒரே நாளில் யாரும் கை கட்டி நிற்கவில்லை.

தேக்கா மார்க்கெட்டில் ஊரிலிருந்து வருகிறவர்களை நான் வாரா வாரம் பார்க்கிறேன். சாப்பிட்டுவிட்டு அப்படியே எழுந்து போவார்கள். "அண்ணே, தட்டை அங்க வச்சிடுங்க, இங்க அப்படித்தான்" என்று கையைக் காட்டிச் சொன்னால் உடனே திரும்பி வந்து எடுத்துப் போய் வைப்பார்கள். சில பெரியவர்கள் பக்கத்து மேசைத் தட்டையும் சேர்த்து எடுத்து வைத்துவிடுவார்கள். தெரியாததை ஆணவம் என்று எடுத்துக்கொள்ளக்கூடாது. எம்ஆர்டி ரயிலில் சாப்பிடக்கூடாது, தண்ணீர்கூடக் குடிக்கக்கூடாது என்பது புதிதாக வருகிறவருக்கு எப்படித் தெரியும்? 500 வெள்ளி வரை அபராதம். குழந்தைக்கு முறுக்குப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது பக்கத்தில் இருக்கிற நாம் சொன்னால்தான் தெரியும்.

நிலாமதி எழுதியது:

இவ்வளவு நேரம் படித்தேன். பாத்ரூம், பஃபே, தட்டு எல்லாம் சரி. யாரும் பேசாத ஒன்றை நான் பேசுகிறேன்.

பட்டாயாவிலும் புக்கெட்டிலும் கடற்கரையில் படுத்திருக்கிற பெண்களை நம் ஆண்கள் போனில் படம் எடுக்கிறார்கள். எட்டத்திலிருந்து ஜூம் செய்து எடுத்து, அங்கேயே நின்று நண்பர்கள் குழுவில் அனுப்புகிறார்கள். நான் என் கணவரோடும் மாமியாரோடும் போயிருந்தபோது எங்கள் பஸ்ஸில் வந்த ரெண்டு பேர் இதைச் செய்தார்கள். நன்றாகப் படித்தவர்கள், நல்ல வேலை. ஒரு ஐரோப்பியப் பெண் எழுந்து வந்து "அழித்துவிடு" என்று கையை நீட்டினார். இவர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு எங்கள் பஸ் ஆட்கள் அத்தனை பேரும் சும்மா நின்றார்கள். என் மாமியார்தான் போய் "அந்தப் பொண்ணு சொல்றதைச் செய்யுடா" என்று அதட்டினார். அழித்தார்கள்.

மசாஜ் கடையில் வேலை செய்கிற பெண்ணிடம் பேசுகிற தோரணை, ஓட்டலில் பெட்டி தூக்கும் பையனை "ஏய்" என்று விரல் சொடுக்கிக் கூப்பிடுவது எல்லாம் இதே ரகம். இதற்கு "தெரியாது, பாவம்" என்று யாரும் சமாதானம் சொல்லாதீர்கள். தண்ணீர் எங்கே போகும் என்று தெரியாமல் குளித்தவரையும், முன்பின் தெரியாத பெண்ணைப் படம் எடுத்தவனையும் ஒரே பட்டியலில் போடாதீர்கள். முதலாமவருக்கு ஒரு தடவை காட்டிக் கொடுத்தால் போதும். இரண்டாமவனுக்கு எல்லாம் தெரியும். ஊரில் செய்தால் அடி விழும் என்றும் தெரியும். இங்கே யாரும் கேட்க மாட்டார்கள் என்ற தைரியம்தான். கூட வந்தவர்கள் கேட்க வேண்டும்.

காவிரிக்கரை ஐயா, உங்கள் குழுவில் இளைஞர்களும் வருகிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். தாளில் இதையும் எழுதுங்கள். நாசூக்காகத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

திருப்பூர் நூல் எழுதியது:

வியாபாரத்துக்காக குவான்சோ போய் வருகிறவன் நான். இந்த விஷயத்தில் ஒரு அரசாங்கமே இறங்கிப் பார்த்தது சீனாதான், அதனால் சொல்கிறேன்.

2013 மே மாதம் எகிப்தின் லக்சர் கோயில் புடைப்புச் சிற்பத்தின் மேல் ஒரு சீனப் பையன் தன் பேரைக் கீறி வைத்திருந்த படம் வெளியானது. 3,500 ஆண்டுப் பழமை. சீனாவிலேயே பெருங்கொதிப்பு. பையனின் பெற்றோர் பத்திரிகை மூலம் மன்னிப்புக் கேட்டார்கள். அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் சுற்றுலாச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பயணிகள் போகிற ஊரின் பழக்கவழக்கத்தை மதிக்க வேண்டும் என்பது சட்டத்திலேயே இருக்கிறது. 64 பக்கத்தில் படம் போட்ட கையேடும் வந்தது. பொது இடத்தில் மூக்கு நோண்டாதே, விமானத்திலிருந்து உயிர்காப்பு அங்கியை எடுத்து வராதே, கழிப்பறை இருக்கை மேல் ஏறிக் குந்தாதே என்று அத்தனையும் அதில் உண்டு. 2014-இல் அதிபர் ஷி ஜின்பிங் மாலத்தீவு போனபோது, தண்ணீர் பாட்டிலைக் கண்ட இடத்தில் போடாதீர்கள், பவளப்பாறையைச் சிதைக்காதீர்கள், நூடுல்ஸைக் குறைத்துக்கொண்டு அந்த ஊர் மீனைச் சாப்பிடுங்கள் என்றே பேசினார். 2015-இல் மோசமாக நடந்துகொண்டவர்களின் பெயர்ப்பட்டியலும் வந்தது.

இவ்வளவும் நடந்துகொண்டிருந்தபோதே, 2015 பிப்ரவரியில் தாய்லாந்தின் சியாங்ராய் ஊரில் இருக்கிற வெள்ளைக் கோயிலில் கழிப்பறையைப் பாழாக்கினார்கள் என்று சீனக் குழுக்களை ஒரு நாள் காலை முழுக்க உள்ளே விடவில்லை. வழிகாட்டிகள் நாங்களே சுத்தம் செய்து தருகிறோம் என்ற பிறகுதான் விட்டார்கள்.

கையேடு போட்டது தப்பே இல்லை. அதன் தொனிதான் எனக்குப் பிடிக்கவில்லை. பட்டியல் முழுக்க "செய்யாதே, செய்யாதே" என்று இருந்தால் படிக்கிறவன் அது தன்னைப் பற்றியது இல்லை என்று பக்கத்தைத் தள்ளிவிடுவான். வழித்துணை சொன்ன மாதிரி பஸ்ஸில், அந்த இடத்துக்குப் போகிற பத்து நிமிஷம் முன்னால், அந்த இடத்துக்கு வேண்டியதை மட்டும் சொல்வது எவ்வளவோ மேல். பலாவு என்ற குட்டித் தீவு நாட்டில் 2017 முதல் பாஸ்போர்ட்டிலேயே ஒரு உறுதிமொழியை முத்திரையாகக் குத்திக் கையெழுத்து வாங்குகிறார்கள். அந்த ஊர்க் குழந்தைகளுக்குக் கொடுக்கிற வாக்காக எழுதியது அது. உங்கள் தீவில் மெல்ல நடப்பேன், எனக்குத் தராததை எடுக்க மாட்டேன் என்று. படித்தபோது நெஞ்சைத் தொட்டது. அதில் மிரட்டலே இல்லை.

நல்லூரான் எழுதியது:

யாழ்ப்பாணத்திலை இருந்து எழுதுறன். நாகபட்டினம் - காங்கேசன்துறைக் கப்பல் 2023 ஒக்டோபரிலை தொடங்கி, இடையிலை நிண்டு, 2024 ஓகஸ்டிலை திரும்ப ஓடத் தொடங்கின பிறகு தமிழ்நாட்டுச் சனம் இஞ்சை நல்லா வருகினம். வரவேணும், எங்களுக்குச் சந்தோசம். மொழியும் கோயிலும் சாப்பாடும் கிட்டத்தட்ட ஒண்டு எண்டதாலை இது வெளிநாடு எண்ட நினைப்பே வாறவைக்கு இல்லை. அதிலைதான் சில வேளை நோகுது.

நல்லூர்க் கந்தனிட்டை ஆம்பிளையள் மேற்சட்டையைக் கழட்டிப்போட்டுத்தான் உள்ளை போகவேணும். வாசல்லை நிண்டு "எங்க ஊர்ல அப்படி இல்லையே" எண்டு தர்க்கம் பண்ணிறவையைப் பாத்திருக்கிறன். பொது நூலகத்துக்கு வருகினம். 1981-இலை எரிச்ச நூலகம், திரும்பக் கட்டின இடம். பிள்ளையள் சோதினைக்குப் படிச்சுக்கொண்டிருக்க, மேசைக்கு நடுவிலை நிண்டு சத்தமாக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் படம் எடுக்கிறது சரியே?

இதையெல்லாம் விட ஒண்டு. ஓட்டோவிலை ஏறி அஞ்சு நிமிசம் ஆகேல்லை, போனைத் தூக்கி வீடியோவைப் போட்டுக்கொண்டு சாரதியிட்டை கேக்கிறது: "உங்க வீட்ல யாராச்சும் செத்தாங்களா?" கேக்கிறவை அன்பிலைதான் கேக்கினம், எனக்கு விளங்குது. அந்த மனுசன் பின்னேரம் வீட்டை போய்ச் சாப்பிடாமல் படுத்திருப்பான் எண்டது கேட்டவைக்குத் தெரியாது. தானாச் சொன்னால் கேளுங்கோ. போனை உள்ளை வையுங்கோ. கேள்வியை நீங்கள் தொடங்காதேங்கோ.

சேலத்தான் எழுதியது:

நல்லூரான், இதைப் படித்துவிட்டு வெகுநேரம் ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. நம்மவர்களை மட்டும் குறை சொல்லாதீர்கள் என்ற என் கருத்தில் மாற்றமில்லை. ஆனால் மற்றவன் செய்கிறான் என்பது இதற்குப் பதில் ஆகாது.

வழித்துணை, ஒரு கேள்வி. நிலாமதி சொன்ன மாதிரி ஆட்கள் உங்கள் குழுவில் வந்தால் என்ன செய்கிறீர்கள்? காசு கொடுத்து வந்த வாடிக்கையாளரை எப்படிக் கண்டிப்பது?

வழித்துணை எழுதியது:

கஷ்டமான கேள்விதான். பயணம் முடிந்ததும் அவர்கள் தருகிற மார்க்கை வைத்துத்தான் எனக்கு அடுத்த டூர் கிடைக்கும். கண்டித்தால் மார்க் குறையும். அதனால் பல மேனேஜர்கள் கண்டும் காணாமல் போவார்கள். இந்த முறை மாறாமல் ஒன்றும் பெரிதாக மாறாது என்பது என் உறுதியான எண்ணம். பணம் கட்டும்போது கையெழுத்து வாங்குகிற படிவத்தில், பிறர் சம்மதமில்லாமல் படம் எடுத்தால், ஊழியர்களிடம் தவறாக நடந்தால், மீதிப் பயணத்தில் சேர்க்க மாட்டோம் என்று கம்பெனி எழுதி வைக்க வேண்டும். அப்போது நான் தைரியமாகப் பேசுவேன். என் முதுகுக்குப் பின்னால் ஒரு தாள் இருக்கும்.

அதுவரை நான் செய்வது இதுதான். படகு ஏறும் முன், குழுவில் எல்லாரும் மதிக்கிற ஒரு மூத்த பெண்மணியிடம், "அம்மா, நம்ம பிள்ளைங்க யாராவது கடற்கரையில அடுத்தவங்களைப் படம் எடுத்தா நீங்களே சொல்லிடுங்க, நான் சொன்னா எடுபடாது" என்று எல்லார் காதிலும் விழும்படி சொல்வேன். பெரும்பாலும் அதற்கு மேல் வேலை இருக்காது.

காவிரிக்கரை எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. கூட்டத்தில் வாசித்துக் காட்ட ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். குறை இருந்தால் சொல்லுங்கள்:

"நாம் போகிற ஊரில் தலையை உயர்ந்ததாகவும் காலைத் தாழ்ந்ததாகவும் கருதுகிறார்கள். அழகாக இருக்கிறது என்று குழந்தைகளின் தலையைத் தடவ வேண்டாம், புன்னகை போதும். கோயிலில் உட்காரும்போது புத்தரை நோக்கிக் காலை நீட்டாமல் மடித்து உட்காருங்கள். அரண்மனைக்கும் கோயிலுக்கும் தோளும் முழங்காலும் மூடிய உடை. பிக்குகளைப் பெண்கள் தொடக்கூடாது, பக்கத்தில் உட்காரவும் கூடாது. காலை எட்டு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் பொது இடத்தில் தேசிய கீதம் ஒலித்தால் அவர்களோடு நாமும் நிற்போம்.

குளிப்பது தடுப்புக்குள், கெட்டிலில் வெந்நீர் மட்டும். மதியச் சாப்பாடு எப்போது எங்கே என்று தினமும் காலையில் நான் சொல்வேன், அதனால் கட்டிக்கொண்டு வரத் தேவையில்லை. வீட்டுக்குப் போன் பேசுவதை அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவோம். அனுமதி கேட்காமல் யாரையும் படம் எடுக்க மாட்டோம், கடற்கரையில் கேட்கவும் மாட்டோம். நமக்கு வேலை செய்கிறவர்களை விரல் சொடுக்கிக் கூப்பிட மாட்டோம். நம் பிள்ளைகள் செய்தாலும் நாமே தடுப்போம்.

பாங்காக்கில் சீலோம் சாலையில் மாரியம்மன் கோயில் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் அங்கே போன நம் தமிழ் மக்கள் கட்டியது. இன்று தாய் மக்களும் செவ்வந்தி மாலையோடு வந்து கும்பிடுகிறார்கள். நம் அம்மனை அவர்கள் கும்பிடுகிற பணிவோடு அவர்கள் கோயிலில் நாம் இருப்போம்."

வழித்துணை எழுதியது:

நன்றாக இருக்கிறது ஐயா. மூன்று விஷயம் சேருங்கள். ஒன்று, அரசரைப் பற்றியும் அரச குடும்பத்தைப் பற்றியும் விளையாட்டாகக்கூட எதுவும் பேச வேண்டாம், எழுத வேண்டாம். அவர்கள் குற்றவியல் சட்டம் 112-ஆம் பிரிவில் ஒரு குற்றத்துக்கு 3 முதல் 15 ஆண்டு வரை சிறை. நம் ரூபாய் நோட்டில் காந்தி படம் மாதிரி அங்கே பாட் நோட்டில் அரசர் படம் இருக்கும். காற்றில் பறந்தால் காலால் மிதித்து நிறுத்தக்கூடாது, குனிந்து கையால்தான் எடுக்க வேண்டும். இரண்டு, இளைஞர்களிடம் இ-சிகரெட் இருந்தால் வீட்டிலேயே வைத்துவிட்டு வரட்டும், அங்கே தடை. மூன்று, கிராபியில் தீவுக்குப் போகும்போது மீனுக்குப் பிரெட் போடக்கூடாது, பவளத்தின் மேல் நிற்கக்கூடாது. பவளத்தைக் கெடுக்கிற ரசாயனம் உள்ள சன்ஸ்க்ரீனை 2021 முதல் கடல் தேசியப் பூங்காக்களில் தடை செய்திருக்கிறார்கள், அதனால் முழுக்கைச் சட்டை போட்டு இறங்குவது நல்லது. மாயா பே கடற்கரையை 2018-இலிருந்து 2022 வரை மூடி வைத்தார்கள் என்பதைப் படகிலேயே சொல்லுங்கள். சுற்றுலாக் கூட்டத்தால் பவளம் செத்துத்தான் மூடினார்கள்.

டிராவல்ஸ்காரரிடம் மீதிப் பணம் கட்டும் முன் ஒவ்வொரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தையும் இடத்தையும் எழுதி வாங்கிவிடுங்கள்.

காவிரிக்கரை எழுதியது:

சேர்த்துவிட்டேன். சாப்பாட்டு நேரம் எழுதிக் கேட்டிருக்கிறேன், நாளைக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். கூட்டம் வருகிற ஞாயிறு, சாரங்கபாணி கோயில் பக்கத்து மண்டபத்தில். படம் எடுக்கிற விஷயத்தை இளைஞர்களைத் தனியே கூப்பிட்டுச் சொல்லலாம் என்று சிலர் யோசனை சொன்னார்கள். அப்படிச் செய்யப் போவதில்லை. அம்மாக்களும் அக்காக்களும் உட்கார்ந்திருக்கும்போதே வாசிக்கப் போகிறேன்.